மூன்று மாடிக்கு ஓர் அசல்

கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வருகிறார் என்ற செய்தி எட்டே காலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது ஏணி முதல் மாடியில் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு அந்தப் பெயர் விழுந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பார்சல் கிடங்கில் கேபிள் இழுப்பது அவர் வேலை. எலி போகத் தயங்குகிற சந்திலும் அவர் கை போயிருக்கிறது. தோளில் ஏணி இல்லாமல் அவரைப் பார்ப்பவர்கள் யாரோ புது அதிகாரி என்று நினைத்து வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

கீழே வந்து நின்றவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. கிடங்கின் நெட்வொர்க் முழுக்க அவன் பொறுப்பு. வீட்டில் இவர் சொன்னால் அவன் கேட்க வேண்டும், கிடங்கில் அவன் சொன்னால் இவர் கேட்க வேண்டும். இரண்டு இடத்திலும் யாரும் யார் சொன்னதையும் கேட்டதில்லை.

"மாமா, கொஞ்சம் இறங்கி வாங்க."

"சொல்லு மாப்ள, இங்கேயே கேக்குது."

"கத்திச் சொல்ற விஷயமா இருந்தா போன்லயே சொல்லிருப்பேனே. இறங்குங்க."

மச்சினனின் முகத்தில் ஈயாடவில்லை. ஏணி இறங்கினார்.

விஷயம் இதுதான். கிடங்கின் மூன்று மாடியிலும் பார்சல்கள் பெல்ட்டில் ஓடும். எந்தப் பார்சல் எந்த வண்டிக்கு என்று பெல்ட்டுக்குச் சேதி போவது, மாடிக்கு ஒன்றாக இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ச் வழியாக. விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் பெட்டி. கீழ்த்தளத்திலிருந்து, தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை வைத்த கேபிள் ஒன்று ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் வருகிறது. அதற்குள் ஓடுவது வெளிச்சம். அந்த வெளிச்சத்தை ஸ்விட்சுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க, கேபிளின் முனைக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு மாட்யூல் சொருக வேண்டும்.

ஸ்விட்சை விற்ற கம்பெனியே மாட்யூலும் விற்கிறது. அதில் ஒன்று வாங்குகிற விலைக்கு வெளியில் பத்து வாங்கலாம். மச்சினன் வெளியில் வாங்கினான். ஸ்விட்ச் முதலில் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளே தன் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தது, இல்லை என்றதும் கதவைச் சாத்திக்கொண்டது. மச்சினன் எங்கோ விசாரித்து ஒரு ரகசிய வரியைத் தட்டினான். 'இதனால் வரும் நல்லது கெட்டதுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று திரையில் ஒரு முறை முறைத்துவிட்டு ஸ்விட்ச் வேலை செய்ய ஆரம்பித்தது. அன்றிலிருந்து வெளியில் வாங்கிய மாட்யூலுக்கு 'வெளியாள்' என்று பெயர். கம்பெனியுடையது 'அசல்'. மூன்று மாடிக்கும் சேர்த்து அசல் ஒன்றே ஒன்றுதான், ஸ்விட்சோடு கூடவே வந்தது. முதல் மாடியில்தான் பார்சல் அதிகம் என்று அதை அங்கே குடியேற்றியிருந்தார்கள்.

எந்த ஸ்விட்சிலாவது வெளியாள் இருப்பதைப் பார்த்தால் கம்பெனி பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிடும். மூன்றும் அசல்தான் என்று போன வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் மச்சினன்.

"அப்ப இன்னிக்கு உனக்குச் சங்குதான்" என்றார் ஏணி.

"எனக்கு மட்டுமா? மேனேஜர் சொன்னது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. இரண்டு மாதமாக முதல் மாடி பெல்ட் நின்று நின்று போகிறது. நிற்கும்போதெல்லாம் ஏணியைக் கூப்பிடுவார்கள். அவர் அலமாரியைத் திறந்து கேபிளைத் தொட்டு ஒரு அசைப்பு அசைப்பார். கொஞ்ச நேரத்தில் ஸ்விட்சில் பச்சை விளக்கு வரும், பெல்ட் ஓடும். அசைத்தால் சரியாகிறது என்றால் கோளாறு அசைத்த பொருளில்தானே இருக்க வேண்டும்? கிடங்கே அப்படித்தான் சொன்னது. அவர் அந்தக் கேபிளை இரண்டு தடவை புதிதாக இழுத்துவிட்டார். கேபிள் மாறியது, பெல்ட்டின் புத்தி மாறவில்லை. கடைசியில் மேலாளர் கூப்பிட்டு, "கம்பெனிக்காரர் வந்து பாக்கட்டும். அவரும் கேபிள்னு எழுதிட்டார்னா, ஒண்ணாம் தேதியிலேர்ந்து கேபிள் வேலையை வெளி காண்ட்ராக்ட்டுக்கு விட்டுடுவேன். வருத்தப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். வருத்தப்படாதீங்க என்றதுதான் ஏணியை அதிகம் வருத்தியது.

"அவருக்கு முட்டி வலி மாமா. ஒரே ஏத்தமா மூணாவது மாடிக்கு ஏறிட்டு, ஒவ்வொண்ணா கீழ இறங்கி வருவார். நான் முன்படில அவரைப் பேச்சுக் குடுத்து நிறுத்தறேன். நீங்க பின்படில அசலை எடுத்துக்கிட்டு அவருக்கு முன்னாடி போயிடணும். அவர் போற மாடியில அசல் இருக்கணும், அவர் விட்ட மாடியில வெளியாள் இருக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? எனக்கென்ன இருபது வயசுன்னு நினைப்பா?"

"பின்ன யாரை நம்பறது? இதெல்லாம் குடும்பத்துக்குள்ளதான் செய்ய முடியும்."

ஏணி முதல் மாடி அலமாரியைத் திறந்து அசலைக் கழற்றினார். அந்த இடத்தில் நீலக் கொக்கி வைத்த வெளியாள் ஒன்றைச் சொருகினார். பெல்ட் ஒரு கணம் திக்கிவிட்டு ஓடியது. அசல் சட்டைப் பையில் மூன்றாவது மாடிக்குப் போனது.

கம்பெனிக்காரர் சொன்னபடி பத்து மணிக்கு வந்தார். கனத்த உடம்பு, கையில் கனத்த பை. மூன்றாவது மாடி போய்ச் சேரும்போது பத்து இருபது. மூச்சு அவருக்குப் பின்னால் ஒரு மாடி கீழே வந்துகொண்டிருந்தது. ஏணி அப்போதுதான் அங்கிருந்த வெளியாளைக் கழற்றி அசலைச் சொருகியிருந்தார்.

"மாட்யூல் அசல்தானே?"

"நீங்களே பாருங்க சார்" என்றான் மச்சினன், பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது போல.

அவர் மடிக்கணினியைச் சொருகிப் பார்த்தார். கம்பெனிப் பெயர் வந்தது. படிவத்தில் மாட்யூலின் எண்ணைப் பார்த்து எழுதினார். பிறகு புருவத்தைத் தூக்கினார்.

"இப்பதான் சொருகினதா காட்டுதே?"

"தூசி துடைச்சோம் சார். நீங்க வர்றீங்கன்னு."

"நல்ல பழக்கம். கதவைச் சாத்துங்க. பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாக்கணும், அதுதான் எங்க ரூல்."

அலமாரியைச் சாத்திவிட்டு ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். பதிமூன்றாவது நிமிஷம் பெல்ட் நின்றது.

மூன்றாவது மாடி பெல்ட் நின்று யாரும் பார்த்ததில்லை. பார்சல் அடுக்குபவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். டார்ச் பிடிக்க நின்றிருந்த ஏணி வெளிச்சத்தை அலமாரிப் பக்கம் திருப்பினார். கம்பெனிக்காரர் கதவைத் திறந்தார், கேபிளைப் பிடித்து ஆட்டினார். அரை நிமிஷத்தில் பச்சை வந்தது.

"பாத்தீங்களா? கேபிள். யார் இழுத்தது?"

மச்சினன் அலமாரியின் பின்பக்கத்தை ஆராய ஆரம்பித்தான்.

"நான்தாங்க" என்றார் ஏணி.

"ம்" என்று சொல்லி, கம்பெனிக்காரர் ஒரு டிக் அடித்தார். அந்த 'ம்' ஏணியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர்கள் முன்படி நோக்கி நகர்ந்ததும் ஏணி அசலைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் கையை உதறினார். சுட்டது. வெளியாளைச் சொருகிவிட்டு, அசலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்படியில் இறங்கினார். தோளில் ஏணி இல்லாததால் வழியில் இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். பதில் வணக்கம் வைக்கவும் நேரமில்லை. நெஞ்சுப் பக்கம் சூடு ஏறிக்கொண்டே வந்தது. அடுப்பிலிருந்து எடுத்த எதையோ பையில் போட்டுக்கொண்டு ஓடுவது போல் இருந்தது.

முன்படியில் மச்சினன் கம்பெனிக்காரருக்குத் தீயணைப்பான் காட்டிக்கொண்டிருந்தான்.

"இது போன மாசம் மாத்தினது சார்."

"எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு பாதுகாப்புக்குத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லதுதானே சார்."

இரண்டாவது மாடியிலும் அப்படியே நடந்தது. கம்பெனிப் பெயர் வந்தது, எண்ணை எழுதினார், கதவைச் சாத்தினார், பெட்டிமேல் உட்கார்ந்தார். பன்னிரண்டாவது நிமிஷம் பெல்ட் நின்றது. கேபிளை ஆட்டினார், பச்சை வந்தது.

"ரெண்டு மாடியிலயும் ஒரே ஆள் இழுத்த கேபிளா?"

"கிடங்கு முழுக்க நான்தாங்க."

"அப்படியா. பெரிய வேலைதான் பாத்திருக்கீங்க."

அது பாராட்டு இல்லை என்பதில் ஏணிக்குச் சந்தேகமே இல்லை. அசலை இந்தத் தடவை கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினார். வெளியாளைச் சொருகியபோது அதைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது மாடியிலிருந்து கழற்றிய வெளியாள் காலையில் எப்படி இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. வருஷக்கணக்கில் ஓடியது, பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அவர் யோசித்துக்கொண்டே இறங்கினார்.

முதல் மாடி பெல்ட்டில் அவர் மனைவி வேலை செய்தாள். பார்சலைப் பார்க்காமலே எடை சொல்வாள், புருஷனைப் பார்க்காமலே பொய் சொல்கிறாரா என்று சொல்வாள்.

"என்னங்க, இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேனோ, காலையிலேர்ந்து பெல்ட் ஒரு தடவைகூட நிக்கல. நீங்க அலமாரியைத் தொட்டதோட சரி. என்ன பண்ணீங்க?"

ஏணி படிக்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் செய்தது அசலைக் கழற்றியது ஒன்றுதான். அசல் போன மாடியில் பெல்ட் நிற்கிறது, அசல் விட்ட மாடியில் ஓடுகிறது. கோளாறு காலையிலிருந்து அவருடைய சட்டைப் பையில்தான் சவாரி செய்துகொண்டிருக்கிறது. சூடு ஏறினால் மூச்சை விடுகிறது, கதவைத் திறந்து காற்றுப் பட்டால் பிழைத்துக்கொள்கிறது. இரண்டு மாதமாக அவர் கேபிளை ஆட்டியதற்கும் பச்சை வந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கதவைத் திறந்ததோடு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் பச்சை வந்திருக்கும்.

நாலு வரியில் மனைவியிடம் சொன்னார். அவள் கை நிற்காமல் கேட்டாள்.

"இப்ப இதைச் சொருகினா பெல்ட் நிக்கும். அவர் கேபிள்னு எழுதிடுவார், என் வேலை போச்சு. சொருகாம விட்டா வெளியாள் இருக்கறது தெரிஞ்சுடும், உன் தம்பி வேலை போச்சு."

"நல்லா இருக்கு. வீட்டுல சும்மா உக்காரப் போறது நீங்களா அவனான்னு என்னைத் தேர்ந்தெடுக்கச் சொல்றீங்களா? ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை பாத்திருக்கேன், எனக்கு ரெண்டுமே வேணாம்."

"அப்ப என்னதான் செய்ய?"

"சொருகுங்க. ஆனா அவர் கேபிள்னு சொல்றப்ப டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. வீட்டுல உப்பு இல்லைன்னா அவ்வளவு நேரம் பேசறீங்கல்ல, அதுல பாதி இங்க பேசுங்க."

முன்படியில் மச்சினன் இருமும் சத்தம் கேட்டது. ஏணி அலமாரியைத் திறந்து, கழற்றிய வெளியாளைப் பையில் போட்டுக்கொண்டு அசலைச் சொருகினார்.

கம்பெனிக்காரர் இப்போது நன்றாகக் களைத்திருந்தார். பார்த்தார், எழுதினார், சாத்தினார், உட்கார்ந்தார். ஏற்கெனவே சூடாக இருந்ததாலோ என்னவோ, அசல் ஒன்பது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. பெல்ட் நின்றது. பின்னால் வந்த பார்சல்கள் முன்னால் நின்ற பார்சல்கள்மேல் ஏறின.

"மூணும் கேபிள்தான்" என்று கம்பெனிக்காரர் பேனாவை எடுத்தார்.

"கேபிள் இல்லைங்க" என்றார் ஏணி.

மச்சினன் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு குடும்பத்தின் பத்து வருஷ நல்லுறவு தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னது?"

"கதவைத் திறங்க சார். கேபிளைத் தொடாதீங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க."

தன்னிடம் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டிராத கம்பெனிக்காரர், ஆச்சரியத்தில் அப்படியே செய்தார். கதவு திறந்தது. ஒருவரும் தொடவில்லை. எல்லோரும் விளக்கையே பார்த்தார்கள். ஒரு நிமிஷம் போனது. ஏணிக்கு அந்த ஒரு நிமிஷத்தில் பன்னிரண்டு வருஷமும் ஒருமுறை ஓடி முடிந்தது. பச்சை வந்தது.

"இப்ப அந்த மாட்யூலைத் தொட்டுப் பாருங்க சார்."

தொட்டார். தொட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"அசல் இப்படி ஆகாது" என்றார், விரலை எடுக்காமலே.

"ஆயிருக்கு சார். சூடானா செத்துடுது. வேற ஒண்ணு போட்டு, கதவைச் சாத்திப் பாத்துடலாம்."

"சரி, மேல மாடியிலேர்ந்து ஒரு அசலைக் கழட்டிட்டு வாங்க."

மச்சினனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மேல் மாடியில் அசல் எங்கே இருக்கிறது? சொருகியிருக்கிற இதைத்தான் மறுபடி மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவர வேண்டும். அதற்குள் பார்சல் குவியலைத் தாண்டிக்கொண்டு மேலாளர் வேறு வந்துவிட்டார்.

"என்ன, இன்னும் முடியலையா? பதினொன்றரை வண்டி நிக்குது."

ஏணியின் மனைவி பெல்ட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்: "இவர் மேல ஏறி இறங்கறதுக்குள்ள வண்டி போயிடும் சார். அந்த சார் இவ்வளவு பெரிய பை வெச்சிருக்காரே, அதுல ஒண்ணு இருக்காதா?"

எல்லோரும் கம்பெனிக்காரரின் பையைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பார்த்த விதம் அவ்வளவு சரியாக இல்லை.

"இருக்கு. சோதனைக்குன்னு ஒண்ணு. ஆனா அது..."

"போடுங்க சார், அதைத்தான் போடுங்க" என்றார் மேலாளர்.

கம்பெனிக்காரர் பைக்குள் வெகு நேரம் தேடினார். கிடைத்ததும் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, தன் அகலமான முதுகால் அலமாரியை மறைத்தபடி அசலைக் கழற்றி அதைச் சொருகினார். அந்த முதுகு மறைக்காத ஒரே ஆள், டார்ச் பிடித்திருந்த ஏணி. வெளிச்சம் நேராக விழுந்தது. நீலக் கொக்கி.

தன் பையில் இருப்பதும் நீலக் கொக்கிதான். ஏணி டார்ச்சைக் கொஞ்சம் மரியாதையாக வேறு பக்கம் திருப்பினார்.

கம்பெனிக்காரர் திரையில் ரகசிய வரியைத் தட்டினார், மச்சினனை விட வேகமாக. கதவைச் சாத்தினார்கள். பதினைந்து நிமிஷம் ஆனது, இருபது ஆனது. பெல்ட் சமர்த்தாக ஓடியது. குவிந்திருந்த பார்சல்கள் ஒவ்வொன்றாக வண்டிக்குப் போயின. மேலாளர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார்.

"சரி, மாட்யூல்தான் கோளாறு. புதுசு அனுப்பச் சொல்லி எழுதறேன்." கம்பெனிக்காரர் ஆறிப்போன அசலைக் கண்ணுக்கு அருகில் வைத்து அதன் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துப் படிவத்தில் பார்த்தார். முதல் மாடிப் பக்கத்தில் அந்த எண் இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். இரண்டாவது மாடியிலும் அதே எண் இருந்தது. இன்னொரு பக்கம் திருப்பினார்.

மச்சினன் ஜன்னல் எவ்வளவு உயரம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனிக்காரர் தலையைத் தூக்கி ஏணியைப் பார்த்தார். ஏணி அலமாரியைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அலமாரியைப் பார்த்தார்கள். மூன்று பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று கம்பெனிக்காரரின் கையெழுத்து இருந்தது.

"ரெண்டாவது மாடியில வெளிச்சம் சரியில்ல" என்றார் அவர் கடைசியில். "எண்ணைத் தப்பா எழுதிட்டேன் போலிருக்கு."

"அந்த மாடியில எல்லாருக்கும் அப்படித்தான் சார் ஆகும்" என்றார் ஏணி. "மூணாவது மாடியிலயும் ரொம்ப மங்கல்."

"பல்பு மாத்தச் சொல்றேன் சார்" என்றான் மச்சினன், உயிர் திரும்பிய குரலில்.

கம்பெனிக்காரர் மேல் மாடிப் பக்கங்களில் அடித்த டிக்குகளை அழித்து, எண்களைத் திருத்தினார். என்ன எண் போட்டார் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மேலாளர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது ஏணி குறுக்கே வந்தார்.

"சார், கேபிள் நல்லா இருக்குன்னு ஒரு வரி எழுதிடுங்க."

"இதுல கோளாறு எழுதத்தான் இடம் இருக்கு. நல்லா இருக்கறதை எழுத இடம் கிடையாது."

"ஓரத்துல எழுதுங்க சார். மூணு மாடிக்கும். கொஞ்சம் பெரிய எழுத்தா."

கம்பெனிக்காரர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படிவத்தைக் குறுக்காகத் திருப்பி, ஓரத்தில் எழுதினார்: மூன்று மாடியிலும் கேபிள் மிக நன்று. ஏணி அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டார். மேலாளரும் படித்தார்.

"அப்ப ஒண்ணாம் தேதி விஷயம் வேண்டாம்" என்றார். "வருத்தப்பட்டீங்களா?"

"சே, அதெல்லாம் இல்ல சார்."

பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

கம்பெனிக்காரர் தன் மாட்யூலைக் கழற்றக் கை நீட்டினார். மேலாளர் பதறிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடுகிற பெல்ட்டை யாரும் தொடக் கூடாது, புதிய அசல் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர் தொங்கிய முகத்தோடு பையை மூடினார்.

ஏணி அவரை வாசல் வரை கொண்டுவிடப் போனார். படி திரும்பும் இடத்தில், தீயணைப்பானுக்குப் பக்கத்தில், தன் சட்டைப் பையிலிருந்த நீலக் கொக்கியை எடுத்துக் கொடுத்தார்.

"அடுத்த இடத்துக்கு வேணுமில்ல சார்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்பலாமா?"

"இதே மாதிரிதான் மேல ரெண்டு மாடியிலயும் வருஷக்கணக்கா ஓடுது. சுடாது சார்."

புதிய அசல் ஏழு வாரம் கழித்து, கம்பெனி முத்திரை குத்திய பெட்டியில், பஞ்சுக்குள் பத்திரமாக வந்தது. மச்சினன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஏணி இருந்த இடத்துக்கு வந்தான். அவர் இரண்டாவது மாடிக் கூரைக்குள் இருந்தார், தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"மாமா, இதை எந்த மாடியில போடலாம்?"

ஏணி கீழே எட்டிப் பார்த்தார்.

"பெல்ட் ஓடுதா?"

"மூணும் ஓடுது."

"அப்ப உன் மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டு. அவர் வர்ற அன்னிக்கு எடுத்தா போதும்."